வேண்டுகோளுக்கு ஓர் இலக்கம்

நமது கல்லூரி விடுதியில் எமக்கு இடப்பட்ட இலக்கம் 63. தட்டிலும் கோப்பையிலும் பெட்டியின் மூடியிலும் அந்த இலக்கமே. சலவைக்குப் போகும் ஒவ்வோர் உடுப்பின் உட்புறத்திலும் அதனை அழியாத மையால் எழுதுதல் வேண்டும் என்பது விடுதி ஆசிரியரின் கட்டளை. முதலாந் தவணையில் அன்னையார் புதிதாகத் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் மை படுவதற்கு மனம் ஒப்பவில்லை. இலக்கமிடாமலே கூடையிற் போட்டோம். சட்டை தொலையவில்லை, அதுதான் வேடிக்கை. விறாந்தையின் மூலையில், இலக்கமற்ற உடுப்புகளின் குவியலில், தவணை முடியும்வரை அது பத்திரமாகக் கிடந்தது. அதனைப் போன்ற வெள்ளைச் சட்டைகள் அங்கே வேறும் நான்கைந்து இருந்தமையால், இன்னதுதான் எமது சட்டை என்று அடித்துச் சொல்ல எம்மால் இயலவில்லை. அந்நாளில் எம்முடன் விடுதியில் இருந்தோர் அந்தக் குவியலை மறந்திருக்கமாட்டார்கள்.

மலர்க் குழுவினர் எமது உத்தியோகத்தைப் பற்றி எழுதுமாறு பணித்தனர். பழைய கடதாசிகளின் படங்களைக் கணினிகளிற் சேமித்து, கேட்பவருக்கு எடுத்துக் கொடுப்பதே எமது உத்தியோகம். கேட்பதற்குச் சுவையான தொழில் அன்று. எனினும் அத்தொழிலில் ஒரு முதியவருக்கு நாம் சொல்லியிருக்கக்கூடாத ஒரு விடையைச் சொன்னோம். அதனைச் சொல்வதற்கு நமது கல்லூரியின் மலரைவிட வேறிடம் எமக்கு இல்லை. வெளியார் அறிய எழுதவும் துணிவில்லை.

நாம் வளர்ந்த இடம் பெரகல. கொழும்பிலிருந்து பெலிகுல்லோயா, ஹல்துமுல்லை வழியாக ஏறிவரும் தெரு அங்கே இரண்டாகப் பிரியும். ஒன்று அப்புத்தளை, பண்டாரவளை எனப் பதுளைப் பக்கம் ஏறும். மற்றது கொஸ்லந்தையூடாக வெல்லவாயவுக்கு இறங்கும். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் எந்த பஸ்வண்டி எத்திசைக்குப் போகிறதென்று நடத்துநரின் குரலைக் கொண்டே அறிதல் வேண்டும். எந்தையார் அயலிலிருந்த தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையிற் கிளாக்கர். தவணைதோறும் நாம் அப்புத்தளையிற் புகையிரதம் ஏறி, பொல்காவலையில் வடக்கே போகும் வண்டிக்கு மாறி, கல்லூரிக்கு வந்து சேர்வோம்.

தொழிற்சாலையில் எந்தையாரின் வேலைகளுள் எமக்கு மிகவும் பிடித்தது பெட்டிகளுக்கு அடையாளம் இடுவது. தரம் பிரித்துக் கலந்து நிரப்பப்பட்ட தேயிலைத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் தோட்டத்திலேயே ஓர் இன்வொய்ஸ் இலக்கம் இடப்படும். பெட்டியின் பக்கத்தில் தகட்டை வைத்துக் கறுப்பு மையைத் தடவினால் தோட்டத்தின் பெயரும், அந்த இலக்கமும், பி.ஓ.பி. என்றோ டஸ்ட் என்றோ தரமும், மொத்த நிறையும் வெறும் பெட்டியின் நிறையும் தேயிலையின் நிறையும் வரிசையாக விழும். லொறியிலும் புகையிரதத்திலும் கொழும்புக் களஞ்சியத்திலும் எழுதப்படும் புத்தகங்கள் எல்லாவற்றிலும் அதே இலக்கம். தேயிலை ஏலம் கொழும்பில் 1883 ஆம் ஆண்டு தொடங்கியது. ஏலத்தை நடத்தும் தரகர் தமது விற்பனைப் பட்டியலில் ஒவ்வொரு தொகுதிக்கும் தாமாக ஒரு லொட் இலக்கம் இடுவார். அந்த வாரம் விலைபோகாத தேயிலை மறு வாரம் வேறொரு லொட் இலக்கத்தோடு மீண்டும் வரும். ஆனால் பக்கத்திலே தோட்டத்தின் இன்வொய்ஸ் இலக்கமும் அச்சாகியிருக்கும், அது மாறுவதில்லை. சுவைத்துப் பார்ப்பவர் "புகை மணம்" என்று ஒரு சொல் எழுதி அனுப்பினால், எந்தையார் அந்த இலக்கத்தைத் தமது புத்தகத்திற் பார்த்து, எந்த நாட் கொழுந்து, எந்த உலர்த்தும் யந்திரம் என்பதைக் கண்டுபிடித்துவிடுவார். டீமேக்கர் ஐயாவுக்கு அந்தப் புத்தகத்தைக் கண்டாற் கொஞ்சம் நடுக்கம் உண்டு.

இனி எமது தொழிலுக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மாண்ட உயிர்களுக்கு முன்னே கடதாசியைப் பற்றிப் பேசுதல் தகாது. ஆயினும் உயிர் தப்பியோருக்கு அடுத்த வாரமே கடதாசி தேவைப்பட்டது. ஊவாத் தோட்டங்களில் ஒரு குடும்பத்தின் பிறப்பும் படிப்பும் வேலையும் ஒரு தகரப்பெட்டிக்குள் இருப்பவை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராகி, 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தினால் இரு நாடுகளுக்கிடையே எண்ணிப் பங்கிடப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடு மிஞ்சியோரும் உரிமை பெற்ற சமூகம் அது. ஒரு கடதாசி இல்லாதொழிந்தால் என்ன நிகழும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆதலின், பழைய தோட்டப் பாடசாலைகளின் சேர்வு இடாப்புகளைப் படம்பிடித்துக் காக்கும் ஒரு வேலையை நாம் உத்தியோகம் பார்த்த நிறுவனம் பின்னாளில் மேற்கொண்டபோது, பெரகலவில் வளர்ந்தவர் என்ற முறையில் அதனை எம்மிடம் ஒப்படைத்தார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். தவறு பெரும்பாலும் எம்முடையது.

படங்களை வைத்த களஞ்சியத்தைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். ஒரே பெரிய யந்திரத்தில் எல்லாவற்றையும் வைப்பது பழைய முறை. அது பழுதானால் எல்லாம் போயிற்று. புதிய முறையில் பல சிறிய யந்திரங்கள் சேர்ந்து ஒரு களஞ்சியமாக நிற்கும். ஒவ்வொரு படமும் ஒரு பொருள். அதற்கு ஒரு பெயர். அது மூன்று வெவ்வேறு யந்திரங்களில் மூன்று பிரதிகளாக இருக்கும். அமேசன் கம்பனியார் 2006 மார்ச்சில் எஸ்-3 என்ற பெயரில் இத்தகைய களஞ்சியத்தை வாடகைக்குத் திறந்தனர். 2010 இல் ராக்ஸ்பேஸ் கம்பனியும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாஸாவும் ஓப்பன்ஸ்டாக் என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கி, அதன் ஓர் உறுப்பாக ஸ்விப்ட் என்னும் களஞ்சிய மென்பொருளை எவரும் இலவசமாக எடுத்தாளும்படி வெளியிட்டனர். பணவசதி குறைந்த நாம் தெரிந்தெடுத்தது ஸ்விப்டையே.

அதில் ஒரு படம் வந்து சேரும் விதம் இது. வாயிலில் நிற்கும் யந்திரம் படத்தை வாங்கி, மூன்று களஞ்சிய யந்திரங்களுக்கு ஒரே வேளையில் அனுப்பும். மூன்றில் இரண்டு "வைத்துவிட்டேன்" என்றாற் போதும். அனுப்பியவருக்கு 201 என்ற விடை போய்விடும். உருவாக்கப்பட்டது என்பது அதன் பொருள். படம் வைக்கப்பட்ட செய்தியைப் பட்டியல் வைத்திருக்கும் யந்திரங்களுக்கு அறிவித்தல் இன்னொரு வேலை. பட்டியல் யந்திரம் அவ்வேளை திணறிக்கொண்டிருந்தால், களஞ்சிய யந்திரம் ஒரு சிறு துண்டில் "இன்னது பட்டியலிற் சேரவேண்டும்" என்று எழுதித் தன் வட்டிலேயே வைத்துக்கொள்ளும். பின்னர் ஓர் ஏவற்காரன், அதாவது பின்னணியில் ஓயாது ஓடும் ஒரு சிறு நிகழ்ச்சி, அத்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டுபோய்ச் சேர்ப்பிக்கும். ஆகவே சிறிது நேரம் ஒரு படம் களஞ்சியத்தில் இருக்கும், பட்டியலில் இராது. பெயர் சொல்லிக் கேட்டால் வரும். என்னென்ன இருக்கின்றன என்று கேட்டால் அது இல்லை என்றாகும். வடிவமைத்தோர் இதனை அறிந்தே செய்தனர். அதிற் குற்றமில்லை, ஏவற்காரன் வேலைக்கு வரும்வரை.

ஒரு நாட் காலை, இரவு பஸ்ஸில் வந்த களையோடு ஒரு முதியவர் பேரனுடன் எமது கந்தோருக்கு வந்தார். பெரகலவுக்குக் கீழே கொஸ்லந்தைத் தெருவிலுள்ள தோட்டத்தவர். அடையாள அட்டையில் அவரது பிறந்த ஆண்டு பல வருடம் பிந்திப் பதிவாகியிருந்தது. அதனைத் திருத்தினாலன்றி முதியோருக்குரிய கொடுப்பனவு கிடையாது. பிறப்புச் சான்று இல்லை. பாடசாலை இடாப்பின் ஒரு பக்கமே துணை. அவ்விடாப்பு படம்பிடித்த காலத்திலேயே ஈரமும் கறையானும் தின்று தாள் தாளாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதன்பின் பாடசாலையில் அப்பக்கம் கிடைக்கவில்லை. நாம் பட்டியலைத் தேடினோம். அதற்கு முந்திய பக்கம் இருந்தது, பிந்திய பக்கம் இருந்தது, நடுவிலுள்ளது இல்லை.

"நான் அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சேங்க ஐயா. வாத்தியார் பேரு எழுதினத கண்ணால பாத்தேன்" என்றார்.

"பக்கம் வந்து சேரவில்லை, ஐயா" என்றோம். அந்தச் சொற்களை இன்றும் அப்படியே எழுத முடிகிறது.

அப்புத்தளையில் இருந்து படம்பிடித்து அனுப்பிய இளைஞர் ஒருவர் இருந்தார். தோட்டத்துப் பிள்ளை, உயர்தரம் படித்தவர். அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். "அனுப்பினேன் சேர், பெற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தது" என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு ஒரு நேரம் சொன்னார். அந்த நேரத்தில் வாயிலின் குறிப்பேட்டில் அவருடைய சுவடே இல்லை. அவர் கணினியின் கடிகாரம் பிழை என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று நாம் அவரை நம்பவில்லை. "கவனமாக இருக்கவேண்டும், தம்பி" என்று மட்டுமே சொன்னோம். சொன்ன குரலில் மிச்சம் இருந்தது. இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுக் கொழும்பில் ஒரு கடைக்குப் போய்விட்டார்.

இனி வருவது எமது வெட்கம். ஸ்விப்டின் வாயில், உள்ளே வரும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும், அது படம் வைக்கும் வேண்டுகோளாயினும் எடுக்கும் வேண்டுகோளாயினும், ஓர் இலக்கம் இடுகிறது. டி, எக்ஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். பின் பதினாறு குறிகள் கொண்ட எண்முறையிலே தற்செயலாக எடுத்த 21 குறிகள். ஒரு சிறு கோடு. பின் 10 குறிகள். கடைசிப் பத்தும் வாயிலின் கடிகாரப்படி அந்த வினாடியைக் குறிப்பவை. இந்த இலக்கத்தை வாயில் தன் குறிப்பேட்டில் எழுதுகிறது. மூன்று களஞ்சிய யந்திரங்களுக்கும் வேண்டுகோளோடு அனுப்புகிறது. அவையும் தத்தம் குறிப்பேடுகளில் அதனையே எழுதுகின்றன. பட்டியலுக்கு அறிவிக்கும்போதும் அது கூடவே போகிறது. இறுதியில், வேண்டுகோள் நிறைவேறினாலும் தவறினாலும், கேட்டவருக்கு விடையோடு அந்த இலக்கமும் திரும்பக் கொடுக்கப்படுகிறது. தோட்டத்து இன்வொய்ஸ் இலக்கத்துக்கு இதனிலும் கிட்டிய உறவினை நாம் கண்டதில்லை.

நாம் செய்தது என்ன? அப்புத்தளை இளைஞருக்கும் களஞ்சியத்துக்கும் இடையில் எமது கையால் எழுதிய ஒரு நிகழ்ச்சியை நிறுத்தியிருந்தோம். அது படத்தை வாங்கும், பெயரை மாற்றித் தானாக ஒரு பெயர் இடும், களஞ்சியத்துக்கு அனுப்பும், திரும்பிவந்த இலக்கத்தை எறிந்துவிட்டு, அனுப்பியவருக்கு "பெற்றுக்கொள்ளப்பட்டது" என்ற ஒரு சொல்லை மாத்திரம் காட்டும். திரையில் நீண்ட குறிகள் தோன்றினாற் பார்ப்பவர் மருளுவர் என்பது அன்று எமது நியாயம். வெள்ளைச் சட்டையில் மை படக்கூடாது என்ற அதே நியாயம்.

ஆகவே குறிப்பேடுகள் எல்லாம் இருந்தன. யந்திரத்துக்கு யந்திரம் இலட்சக்கணக்கான வரிகள். ஒவ்வொரு வரியிலும் இலக்கம். எந்த இலக்கத்தைத் தேடுவது என்பதுதான் எவருக்கும் தெரியாது. நேரத்தைக் கொண்டு தேடலாமே என்று அன்பர்கள் கேட்கக்கூடும். ஒரே வினாடியிற் பல வேண்டுகோள்கள் வருகின்றன. அவற்றின் வரிகள், ஒரு வீட்டில் நாலுபேர் ஒரே நேரத்திற் பேசுவதுபோல், ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். அன்றியும் யந்திரத்துக்கு யந்திரம் கடிகாரம் சற்றே வேறுபடும். எந்தப் பேச்சு யாருடையது என்பதைப் பிரிப்பதற்கு இலக்கம் ஒன்றே வழி.

முதியவர் போனபின் எமக்கு மனம் ஆறவில்லை என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. மறந்துவிட்டோம். சில மாதங்களின் பின் வேறொரு தேவைக்காக இடைநிலை நிகழ்ச்சியைத் திருத்தும்போது, எம்மோடு வேலைசெய்த ஒரு பெண்பிள்ளை, "சேர், இந்த இலக்கத்தை ஏன் எறிகிறோம்?" என்று கேட்டார். விடை இல்லாமையால் வைத்துக்கொள்ளச் சொன்னோம். அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஸ்விப்டில் அனுப்புபவர் தாமும் ஒரு சிறு வாலை அந்த இலக்கத்தோடு ஒட்டலாம்; 32 எழுத்துவரை ஏற்கும். அந்த வாலில் இடாப்பின் இலக்கத்தையும் பக்கத்தையும் அவர் ஒட்டினார். முழு இலக்கமும் திரையிற் காட்டப்பட்டது; படம்பிடிப்போர் அதனைத் தத்தம் கொப்பியில் எழுதிக்கொண்டனர். எவரும் மருளவில்லை.

மூன்றாம் வாரம் பண்டாரவளையிலிருந்து ஒருவர் அழைத்தார். அனுப்பிய பக்கம் பட்டியலில் இல்லை. கொப்பியிற் குறித்த இலக்கம் இதோ என்றார். அந்த இலக்கத்தை எல்லா யந்திரங்களின் குறிப்பேடுகளிலும் ஒருங்கே தேடினோம். வாயில்: பெற்றது, 201. முதலாங் களஞ்சிய யந்திரம்: வைத்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே. அடுத்து, மூன்றின் குறிப்பேட்டிலும், அதே இலக்கத்தின் பக்கத்தில் ஒரு தவறு வரி: பட்டியலுக்கு அறிவிக்க முடியவில்லை, பிறகு அறிவிப்பதற்காக எழுதி வைக்கப்பட்டது. அதன்பின் அந்த இலக்கம் எங்குமே இல்லை. ஒரு பெட்டி களஞ்சியத்துக்குள் போனது தெரிகிறது. வெளியே வந்தது தெரியவில்லை என்றால் எந்தையார் எங்கே போய்ப் பார்ப்பாரோ அங்கே நாமும் போய்ப் பார்த்தோம். ஏவற்காரன் ஓடவில்லை. பழைய திருத்த வேலையொன்றின்போது அதனை நிறுத்தியவர்கள் மறுபடி தொடக்கவில்லை. நிறுத்தியவர்களில் நாமும் ஒருவர். பட்டியல் யந்திரங்கள் திணறியதற்கும் காரணம் எமது கைங்கரியமே: ஊவா முழுவதன் பக்கங்களையும் ஒரே பட்டியலில் இட்டு, மெதுவான வட்டுகளில் வைத்திருந்தோம். இடாப்புக்கு ஒரு பட்டியலாகப் பிரித்திருந்தால் அந்தத் திணறலே நேர்ந்திராது.

ஏவற்காரனைத் தொடக்கினோம். தேங்கிக் கிடந்த துண்டுகளெல்லாம் ஒவ்வொன்றாய்ப் போய்ச் சேர்ந்தன. பட்டியலை மீண்டும் திறந்தபோது இல்லாதிருந்த பக்கங்கள் பல தோன்றியிருந்தன. அவற்றுள் கொஸ்லந்தைத் தெருப் பாடசாலையின் நடுப்பக்கமும் ஒன்று. ஒன்பதாம் வரியில் முதியவரின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, எல்லாம் வாத்தியாரின் உருண்ட எழுத்தில். அவர் எமது மேசைக்கு முன் நின்ற காலையிலும் அது அங்கேதான் இருந்தது, மூன்று பிரதிகளாக.

இலக்கங்களைப் பற்றி இரண்டொரு சொல். நாம் கண்டுபிடித்ததாக எண்ணிய இந்தப் பாடத்தை உலகம் முன்னரே படித்திருந்தது. ஒரு வேண்டுகோள் பல யந்திரங்களூடே போவதை ஒரே இலக்கத்தாற் பின்தொடரும் தமது முறையைக் கூகிள் கம்பனியார் 2010 இல் டப்பர் என்ற பெயரில் வெளியிட்டனர். வெவ்வேறு கம்பனிகளின் யந்திரங்கள் ஒன்றன் இலக்கத்தை மற்றது மதித்து அனுப்பும் விதியை வலைத்தளங்களுக்கு விதி வகுக்கும் சபையார் 2020 பெப்ரவரியில் நிறைவேற்றினர். அதன்படி 32 குறிகள் வேண்டுகோள் முழுவதற்கும் உரியவை. 16 குறிகள் வழியிலுள்ள ஒவ்வோர் ஆளும் தன் பங்குக்கு இடுபவை. முன்னது இன்வொய்ஸ், பின்னது லொட் என்று பெரகலத் தொழிற்சாலையில் எவருக்கும் விளக்கிவிடலாம். அமேசன் எஸ்-3 உம் ஒவ்வொரு விடையிலும் இரண்டு இலக்கங்களைத் திருப்பிக் கொடுக்கிறது. முறைப்பாடு செய்பவரிடம் அவ்விரண்டையுமே முதலிற் கேட்கிறார்கள்.

எமது கூட்டத்தில் ஒருவர், எல்லார்க்கும் அடையாள அட்டை இலக்கம் இருக்கிறதே, அதனையே வேண்டுகோளுக்கும் இட்டாலென்ன என்றார். கடுமையாக மறுத்தோம். ஒருவர் பத்துமுறை கேட்டால் அவை பத்து வேண்டுகோள்கள். இலக்கமும் பத்து வேண்டும். அதனிலும் மேலாக, குறிப்பேட்டைப் பார்க்கும் கண்கள் பல. அதில் ஓர் ஆளின் இலக்கம் இருக்கலாகாது. அவர் கேட்ட கேள்வியின் இலக்கமே இருக்கவேண்டும். எண்ணிக்கையாக எண்ணப்பட்ட மக்களின் கடதாசிகளை வைத்துக்கொண்டு இதிலே அசட்டையாக இருப்பது எமக்குப் பொறுக்கவில்லை.

அப்புத்தளை இளைஞருக்கு நடந்ததை விளக்கி ஒரு கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை.

முதியவருக்குத் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நேரிற் போனோம். அவர் தெருச் சந்திக்கே வந்து நின்றார். இதற்கிடையில் அவர் சத்தியக்கடதாசிகளோடு வேறு வழியில் முயன்று, வயதுத் திருத்தம் பாதியில் நின்றிருந்தது. இந்தப் பக்கம் அதனை முடித்துவைக்கும் என்று பேரன் சொன்னார். தேநீர்க்கடையில் அமர்ந்து பிரதியைக் கொடுத்தோம். அவர் வெகு நேரம் ஒன்பதாம் வரியைப் பார்த்தார். பின் தாளின் அடியில் அச்சாகியிருந்த நீண்ட குறிகளில் விரலை வைத்தார்.

"இது என்னங்க ஐயா, நம்ம நம்பருங்களா?"

"இல்லை ஐயா. நீங்கள் கேட்டதற்கு இட்ட இலக்கம். இனிமேல் இதைப் பற்றி ஏதேனும் கேட்பதானால் இதனைச் சொன்னாற் போதும்."

அவர் அதனை மடித்து, மற்றக் கடதாசிகள் இருந்த பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப அன்னைக்கி கொழும்புல வந்து கேட்டோமே, அதுக்கு நம்பரு இல்லீங்களா?" என்றார்.

வெல்லவாய பஸ் மூடுபனிக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. பேரன் அவரைக் கையைப் பிடித்து ஏற்றினார். நாம் அப்புத்தளைப் பக்கத்துத் தரிப்பிடத்துக்குத் தெருவைக் கடந்தோம்.